தும்மலுக்கு ஜாதகம் எழுத முடியுமா?

கோயமுத்தூர்ப் பக்கம் யாரிடமாவது, "ஏனுங்க, காலைல எந்திரிச்சதும் இப்படி வரிசையா தும்முறீங்களே, என்னாச்சுங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "அது எங்க பரம்பரையிலயே இருக்குதுங்க. அப்புச்சிக்கு இருந்துச்சு, அம்மாவுக்கு இருந்துச்சு, இப்ப எனக்கு." அத்தோடு பேச்சு முடிந்துவிடும். பரம்பரை என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள், சொன்னவரும் யோசிக்க மாட்டார்.

நான் பயோடெக்னாலஜி படிக்கிறேன் என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் என்னிடம் கேட்கிற கேள்வியும் இதுதான். "கண்ணு, இதுக்கு ஜீன் இருக்குதாமா? டெஸ்ட் பண்ணுனா தெரிஞ்சிருமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பரம்பரை என்பது பாதி உண்மை. அந்தப் பாதி உண்மையை வைத்துக்கொண்டு மீதிப் பாதியை நாம் மூடி வைத்திருக்கிறோம்.

முதலில் பெயர்ப் பிரச்சினை. நம் ஊரில் மூக்கில் என்ன வந்தாலும் அதற்குப் பெயர் "சைனஸ்". சைனஸ் என்பது நோயே இல்லைங்க, முக எலும்புக்குள் இருக்கும் காற்றறை. எல்லோருக்கும் இருக்கிறது. காலையில் தொடர் தும்மல், தண்ணீர் மாதிரி மூக்கு ஒழுகுவது, மூக்கும் கண்ணும் அரிப்பது, மூக்கடைப்பு, ஆனால் காய்ச்சல் இல்லை என்றால் அது பெரும்பாலும் அலர்ஜிக் ரைனைட்டிஸ். தமிழில் ஒவ்வாமை மூக்கழற்சி. (இந்த வார்த்தையை ஒருமுறை சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தும்மல் வந்துவிடும் என்பதால் இனி மூக்கு அலர்ஜி என்றே எழுதுகிறேன்.) உலகத்தில் சுமார் 40 கோடிப் பேருக்கு இது இருப்பதாகக் கணக்கு.

உள்ளே நடப்பது இதுதான். தூசியிலோ மகரந்தத்திலோ உள்ள ஒரு புரதத்தை, ஒன்றும் செய்யாத சாதாரணப் புரதத்தை, உடம்பு எதிரி என்று முடிவு செய்து ஐஜிஇ என்ற ஆன்டிபாடியைத் தயார் செய்து வைக்கிறது. இந்த ஐஜிஇ மூக்குச் சவ்வில் இருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. அடுத்த முறை அதே புரதம் வந்தால் மாஸ்ட் செல் தன்னிடம் இருக்கும் ஹிஸ்டமினைக் கொட்டிவிடும். மீதிக்கதை உங்கள் கைக்குட்டைக்குத் தெரியும்.

சரி, பரம்பரைக்கு வருவோம். இது குடும்பத்தில் ஓடுகிறது என்பது நம் அம்மாயிகளின் கண்டுபிடிப்பு மட்டும் இல்லை. 1916-லேயே அமெரிக்காவில் குக், வாண்டர் வீர் என்ற இருவர் அலர்ஜி உள்ள 504 பேரின் குடும்பத்தை விசாரித்து, ஏறக்குறைய பாதிப் பேருக்குக் குடும்பத்தில் வேறு யாருக்காவது அலர்ஜி இருந்தது என்று எழுதினார்கள். பிறகு வந்த இரட்டையர் ஆய்வுகளும் அதையே சொல்லின. ஒருகருவில் பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு மூக்கு அலர்ஜி இருந்தால் மற்றவருக்கும் இருக்கும் வாய்ப்பு, சாதாரண இரட்டையரைவிட அதிகம். ஆனால் கட்டாயம் இருக்கும் என்றில்லை. டி.என்.ஏ. முழுக்க ஒன்றாக இருந்தும் ஒருத்தர் தும்முகிறார், இன்னொருத்தர் நிம்மதியாகத் தூங்குகிறார்.

அப்புறம் "அந்த ஒரு ஜீன்" வேட்டை ஆரம்பித்தது. 1989-ல் இங்கிலாந்தில் குக்ஸன் குழு, அலர்ஜித் தன்மை 11-வது குரோமோசோமில் ஓர் இடத்தோடு சேர்ந்து வருவதாக அறிவித்தது. ஒரே ஜீன்தான் காரணமாக இருக்கும் போல என்று பரபரப்பு. 1992-ல் அதே குழு, இந்தத் தன்மை அம்மா வழியாகத்தான் வருகிறது என்று இன்னொரு ஆய்வை வெளியிட்டது. (நம் ஊர் மாமியார்கள் யாரும் அந்தப் பத்திரிகையைப் படிக்காதது நம் அம்மாக்களின் அதிர்ஷ்டம்.) ஆனால் வேறு நாடுகளில் வேறு குழுக்கள் தேடியபோது பலருக்கு அந்த முடிவு கிடைக்கவில்லை. ஒரு ஜீன் கதை மெல்ல உதிர்ந்து போனது.

இப்போது நிலைமை என்ன? 2018-ல் வந்த பெரிய ஆய்வில் மூக்கு அலர்ஜி உள்ள 59,762 பேரையும் இல்லாத 1,52,358 பேரையும் ஒப்பிட்டார்கள். கிடைத்தது ஒரு ஜீன் இல்லை. மரபணுத்தொகையில் 41 இடங்கள். அதில் 20 அதற்கு முன் மூக்கு அலர்ஜியோடு தொடர்புபடுத்தப்படாதவை. நம் டி.என்.ஏ.வில் சுமார் 300 கோடி எழுத்துகள். உங்களுக்கும் எனக்கும் இடையே ஆயிரத்துக்கு ஒன்று வீதம் எழுத்து மாறும், அதாவது முப்பது லட்சம் இடங்களில் நாம் வேறு வேறு. அந்த வேறுபாடுகளில் சில, ஐஎல்-33, டிஎஸ்எல்பி, ஹெச்எல்ஏ, டிஎல்ஆர் என்று எதிர்ப்புச் சக்தி வேலை செய்யும் ஜீன்களின் அருகே விழுகின்றன. ஒவ்வொன்றும் அபாயத்தைக் கொஞ்சூண்டு கூட்டும் அல்லது குறைக்கும். கைநிறையச் சில்லறை மாதிரி. எந்த ஒரு காசையும் காட்டி "இதுதான் உன் தும்மல்" என்று சொல்ல முடியாது.

மூக்கு அலர்ஜியில் மரபின் பங்கு பாதிக்கும் மேல் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. இந்த வாக்கியத்தைத்தான் எல்லோரும் தப்பாகப் படிக்கிறார்கள். பாதிக்கு மேல் பரம்பரை என்றால், தும்மலில் பாதிக்கு மேல் நம் கையில் இல்லை என்று அர்த்தம் இல்லை.

ஒரு ஹாஸ்டலை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா ரூமிலும் ஒரே மாதிரி பழைய மெத்தை, ஒரே மாதிரி ஒட்டடை, ஒரே மாதிரி ஃபேன் றெக்கையில் ஒரு இன்ச் தூசி. அங்கே முப்பது பேர் தும்முகிறார்கள், எழுபது பேர் தும்மவில்லை என்று வைத்துக்கொள்வோம். இந்த முப்பதுக்கும் எழுபதுக்கும் என்ன வித்தியாசம்? தூசி எல்லோருக்கும் ஒன்று, எனவே வித்தியாசம் பெரும்பாலும் ஜீனில்தான் இருக்கும். கணக்குப் போட்டால் "மரபின் பங்கு 100 சதவீதம்" என்று கூட வரலாம். ஆனால் தும்ம வைத்தது எது? தூசிதானே! மெத்தையை மாற்றி ஃபேனைத் துடைத்தால் ஜீன் அப்படியே இருக்கும், தும்மல் குறையும். மரபின் பங்கு என்பது ஒரே சூழலில் இருப்பவர்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டின் கணக்கு. நோய் எங்கிருந்து வந்தது என்ற கணக்கு அல்ல.

இதற்கு வரலாறே ஒரு பெரிய பரிசோதனையை நடத்திக் காட்டியிருக்கிறது. ஜெர்மனி இரண்டாகப் பிரிந்து கிடந்து 1990-ல் சேர்ந்தது. கிழக்கில் லைப்சிக், மேற்கில் மியூனிக். ஒரே மக்கள், நாற்பது வருடம்தான் பிரிவு. லைப்சிக்கில் பழுப்பு நிலக்கரிப் புகை, காற்று படுமோசம். எனவே அங்கேதான் மூக்கு அலர்ஜி அதிகம் இருக்கும் என்று எதிர்பார்த்து டாக்டர் எரிகா வான் மூட்டியஸ் குழு பள்ளிக் குழந்தைகளைச் சோதித்தது. 1994-ல் வந்த முடிவு தலைகீழ். சுத்தமான மியூனிக்கில் மகரந்த அலர்ஜி 8.6 சதவீதம், புகை மண்டிய லைப்சிக்கில் 2.7 சதவீதம். இன்னும் சுவாரசியம் அடுத்தது: ஒன்று சேர்ந்து சில வருடங்கள் கழித்து மறுபடி லைப்சிக் குழந்தைகளைச் சோதித்தபோது அங்கேயும் ஏற ஆரம்பித்திருந்தது. நாலைந்து வருடத்தில் ஒரு ஊரின் ஜீன் மாறுமா? வாழ்க்கை முறைதான் மாறியது.

(இதைப் படித்துவிட்டு யாரும் வெள்ளலூர் குப்பைக் கிடங்கு தீப்பிடித்து எரியும் புகை உடம்புக்கு நல்லது என்று கிளம்பிவிடாதீர்கள். லைப்சிக் குழந்தைகளிடம் மார்ச்சளியும் மூச்சுக்குழல் அழற்சியும் அதிகமாகவே இருந்தன. புகை வேறு வழியில் கொல்லும்.)

அமெரிக்காவில் அமிஷ், ஹட்டரைட் என்ற இரண்டு விவசாயச் சமூகங்கள் உண்டு. பூர்வீகம் ஒரே மாதிரி, சாப்பாடு, குடும்ப அளவு எல்லாம் ஏறக்குறைய ஒன்று. அமிஷ் மக்கள் பழைய முறையில் வீட்டை ஒட்டியே மாட்டுத்தொழுவம் வைத்திருப்பவர்கள். ஹட்டரைட் மக்களின் பண்ணை இயந்திரமயம், குழந்தைகள் தொழுவத்தில் புழங்குவதில்லை. 2016-ல் வந்த ஆய்வில், பொதுவான ஒவ்வாமைப் பொருள்களுக்கு எதிரான ஐஜிஇ அமிஷ் குழந்தைகளில் 7 சதவீதத்தினரிடம், ஹட்டரைட் குழந்தைகளில் 33 சதவீதத்தினரிடம். இதைப் படித்தபோது எனக்குக் காங்கயம் பக்கத்துக் கட்டுத்தறிதான் ஞாபகம் வந்தது. கொரங்காட்டில் மேய்ந்து வந்த மாட்டைப் பிடித்துக் கட்டி, சாணி அள்ளி, அதே கையோடு பிள்ளையைத் தூக்கிய தலைமுறைக்கும், திருப்பூரில் இரண்டாவது மாடி வாடகை வீட்டில் கொசுவலை அடித்த ஜன்னலுக்குள் வளரும் தலைமுறைக்கும் நடுவில் இருப்பது முப்பதே வருடம்.

எதிராளிகளும் புதியவர்கள் என்பதை மறந்துவிடுகிறோம். பார்த்தீனியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்காநல்லூர் குளக்கரையானாலும் ரயில்வே லைன் ஓரமானாலும் காலி சைட்டானாலும் வெள்ளைப் பூவோடு நிற்கிறதே, அதேதான். பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். இந்தியாவில் பெரிய களையாக அதைக் கவனித்தது 1950களின் நடுவில், புனேயில். அங்கிருந்து நாடு முழுக்கப் பரவியது. அதன் மகரந்தம் மூக்கு அலர்ஜியைத் தூண்டுகிறது என்று பெங்களூரில் 1990களின் தொடக்கத்திலேயே ஆய்வு செய்து எழுதிவிட்டார்கள். என் அப்புச்சியின் அப்பாவுக்கு பார்த்தீனிய அலர்ஜி இருந்திருக்க வழியில்லை. அவர் வயசுக்காலத்தில் அந்தச் செடியே இங்கே இப்படிப் பரவியிருக்கவில்லை. அவரிடம் இருந்திருக்கக்கூடிய ஜீன்தான் எனக்கு வந்திருக்கிறது. அந்த ஜீனுக்கு வேலை கொடுத்தது குளக்கரை.

சீமைக்கருவேலமும் அப்படித்தான், 19-ம் நூற்றாண்டில் கொண்டுவந்து விட்ட மரம், மகரந்த அலர்ஜிக்குப் பேர் போனது. ஆடிக்காத்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும்போது எந்த மகரந்தம் எங்கே போய் விழும் என்று யார் கண்டது.

வீட்டுக்குள்ளே தூசிப்பூச்சி. கண்ணுக்குத் தெரியாத, சிலந்தி வகையைச் சேர்ந்த சின்ன உயிர். வீட்டுத்தூசி அலர்ஜிக்கு இதுதான் முக்கியக் காரணம் என்று ஹாலந்தில் வோர்ஹோர்ஸ்ட் குழு கண்டுபிடித்தது 1964-ல். நம் தோலிலிருந்து உதிரும் பொக்கைத் தின்று, மெத்தை தலையணைக்குள் குடித்தனம் நடத்தும். கோரைப்பாயிலும் கவுத்துக் கட்டலிலும் அதற்கு இடம் குறைவு. தினமும் சுருட்டி வைத்து, வாசலில் வெயில் காட்டிய பாய் அது. ஃபோம் மெத்தையை யார் வெயிலில் போடுகிறார்கள்? வாங்கி வந்த பிளாஸ்டிக் கவரையே சிலர் இன்னும் பிரிக்கவில்லை (அவர்கள் தெரியாமலே நல்லது செய்கிறார்கள்!).

இதெல்லாம் வெறும் அறிவியல் அரட்டை என்று நினைத்தால், எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என் பெரியப்பா மகளுக்கு வரன் பார்த்தார்கள். கூட்டம் ஒத்து வந்தது (ஒரே கூட்டமாக இருந்தால் எங்கள் பக்கம் அண்ணன் தங்கை முறை, கட்ட மாட்டார்கள்), ஜாதகம் ஒத்து வந்தது. பெண் பார்க்க வந்த அன்று சாம்பிராணிப் புகையில் அக்கா பத்துப் பதினைந்து தும்மல் தும்மிவிட்டாள். போனவர்கள் இரண்டு நாள் கழித்துத் தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள், "புள்ளைக்கு வீசிங் இருக்கும் போல, நாளைக்குப் பேரப்புள்ளைக்கும் வரும்." அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு வரன் முன்னாலும் அக்கா காலையிலேயே தூக்க மாத்திரை மாதிரி அடிக்கும் அலர்ஜி மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு, பாதிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். டாக்டரிடம் போகலாம் என்றால் பெரியம்மா, "வேண்டாம், யாராச்சும் பார்த்தா வெளிய தெரிஞ்சிரும்" என்றார். பரம்பரை என்ற ஒரு சொல் அவளுக்கு வைத்தியமே கிடைக்காமல் செய்துவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், வேண்டாம் என்று போன அந்த மாப்பிள்ளையும் உட்கார்ந்திருந்த அரை மணி நேரம் முழுக்க மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் இருந்தான். ஆம்பளைக்கு அது "சளி"!

அதற்காக, ஜீன் டெஸ்டே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. ஜீன் டெஸ்ட் எங்கே உண்மையிலேயே உயிர் காக்கும் என்பதற்கு உதாரணம் நம் கோயமுத்தூரிலேயே இருக்கிறது. ஆபரேஷனின்போது தசையைத் தளர்த்த சக்சினைல்கோலின் என்ற மருந்து கொடுப்பார்கள். சாதாரணமாகச் சில நிமிடங்களில் அது உடம்பில் சிதைந்துவிடும். அதைச் சிதைக்கும் என்ஸைம் பிறவியிலேயே இல்லாதவர்களுக்கு மணிக்கணக்கில் தானாக மூச்சு விட வராது. இந்தக் குறை வைசிய சமூகத்தில் மற்றவர்களைவிட மிக அதிகம். அதற்குக் காரணமான ஒற்றை எழுத்து மாற்றத்தை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளிநாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து கண்டுபிடித்து 2006-ல் வெளியிட்டார்கள். அங்கே ஒரு ஜீன், ஒரு எழுத்து, ஒரு தெளிவான விளைவு. முன்கூட்டித் தெரிந்தால் டாக்டர் வேறு மருந்து கொடுப்பார். சொந்தத்துக்குள்ளேயே பல நூறு வருடம் கட்டிக்கொண்டதன் தடம் நம் ஜீன்களில் இருக்கிறது என்பது மறுக்க முடியாதது. 2017-ல் தெற்காசியாவின் 263 சமூகக் குழுக்களைச் சோதித்த ஆய்வும் இதையேதான் காட்டியது.

மூக்கு அலர்ஜி அந்த வகை இல்லை. 41 இடங்கள், ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் என்றேனே, அந்த 2018 ஆய்வில் இடங்களைக் கண்டுபிடிக்கப் பயன்பட்ட அத்தனை பேரும் ஐரோப்பிய வம்சாவளியினர். இந்த ஒரு ஆய்வு மட்டும் இல்லை. 2016-ல் கணக்கெடுத்தபோது, உலகில் இந்த மாதிரி மரபணுத் தொடர்பு ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 81 சதவீதம் ஐரோப்பிய வம்சாவளிதான். அங்கே கண்ட எழுத்து மாற்றம் இங்கே இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஃபிலாகிரின் என்று தோலைக் காக்கும் ஒரு புரதம். அதன் ஜீனில் ஐரோப்பியரிடம் பரவலாக இருந்த இரண்டு மாற்றங்கள் கரப்பானுக்கும் அலர்ஜிக்கும் இட்டுச் செல்வதாக 2006-ல் கண்டார்கள். மறுவருடம் ஜப்பானியரிடம் தேடினால் அந்த இரண்டும் இல்லை. அவர்களுக்கு அதே ஜீனில் வேறு மாற்றங்கள்! அப்படியிருக்க, எச்சிலைத் துப்பி பார்சல் அனுப்பினால் "உங்கள் அலர்ஜி அபாயம்: அதிகம்" என்று கலர் கலராக ரிப்போர்ட் தருகிறார்களே, சத்தியமங்கலத்துக்காரரின் எச்சிலை யாருடைய கணக்கை வைத்து அளக்கிறார்கள்? ஜீனோம் இந்தியா திட்டத்தில் 10,000 இந்தியர்களின் மரபணுத்தொகையைப் படித்து, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். நல்ல தொடக்கம். அதை வைத்து நம் மூக்கைப் பற்றி உருப்படியாக ஏதாவது சொல்லும்வரை, அந்தச் சில ஆயிரம் ரூபாய்க்கு இரண்டு தலையணை உறையும், ஒரு நல்ல காது மூக்கு தொண்டை டாக்டரின் ஃபீஸும் ஆகும். எதற்கு அலர்ஜி என்று தெரிய வேண்டுமென்றால் கையில் சொட்டு வைத்துக் குத்திப் பார்க்கும் தோல் சோதனை இருக்கிறது. அது ஜீனைக் கேட்பதில்லை, உங்கள் மாஸ்ட் செல்லையே நேராகக் கேட்கிறது.

டாக்டர் மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே எழுதிக் கொடுத்தால், ஸ்டீராய்டு என்ற பெயரைப் பார்த்துப் பயந்து இரண்டு நாளில் தூக்கிப் போடுபவர்கள் நம்மில் அதிகம். மிகக் குறைந்த அளவு, மூக்கிலேயே வேலை செய்யும் மருந்து அது. முழுப் பலன் தெரியச் சில நாள் முதல் இரண்டு வாரம் ஆகும், தினமும் அடிக்க வேண்டும். இதற்கு நேர் எதிராக, மெடிக்கலில் கேட்டு வாங்கும் மூக்கடைப்புச் சொட்டு மருந்து ஒரே நிமிடத்தில் திறந்துவிடும். எனவே அது எல்லோருக்கும் பிடிக்கும். வாரத்துக்கு மேல் விட்டால் அந்த மருந்தே மூக்கை அடைக்க ஆரம்பிக்கும். வருடக்கணக்காகச் சட்டைப்பையில் அந்தச் சீசாவோடு திரிகிறவர்களை எனக்குத் தெரியும்.

கிளாஸ்மேட்டுகளுக்குத் தனியாக ஒன்று. 2007-ல் இங்கிலாந்தில் 1,800க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களின் மாதிரித் தேர்வு மதிப்பெண்ணையும் கோடைக்காலப் பொதுத்தேர்வு மதிப்பெண்ணையும் ஒப்பிட்டார்கள். பரீட்சை நாளில் மூக்கு அலர்ஜித் தொல்லை இருந்தவர்கள் ஒரு கிரேடு இறங்கும் வாய்ப்பு 40 சதவீதம் அதிகம். தூக்கம் வரவைக்கும் பழைய வகை அலர்ஜி மாத்திரை போட்டவர்களுக்கு அது 70 சதவீதம். பரீட்சைக்கு முந்தைய இரவு, "எதுக்கும் ஒண்ணு போட்டுக்கோ" என்று அந்த மாத்திரையை ரூம்மேட் நீட்டுவான் பாருங்கள், அவனிடம் இதைக் காட்டுங்கள். தூக்கம் வராத வகை மாத்திரைகள் வந்து பல வருடம் ஆகிறது. எது என்று டாக்டரிடம் கேளுங்கள்.

பார்த்தீனியத்துக்கு உப்புக் கரைசல் போதும். லிட்டருக்கு 200 கிராம் கல்லுப்பு என்று நம் வேளாண் பல்கலைக்கழகமே சொல்கிறது. பூ விடும் முன் அடிக்க வேண்டும், பயிர் இல்லாத இடத்தில் மட்டும். அடுத்த ஞாயிறு எங்கள் தெரு முனைக் காலி சைட்டில் நாலைந்து பேர் சேர்ந்து செய்யப் போகிறோம். அலர்ஜி இருக்கிறவர்கள் தயவுசெய்து கையுறை, மாஸ்க் போட்டு வாருங்கள். அந்தச் செடியைத் தொட்டாலே சிலருக்குத் தோல் தடித்துவிடும்.